தெலுக் இந்தானுக்கு வந்தால் காரை ஓரமாக விட்டுவிட்டு நடங்கள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் பலர் சாய்ந்த கோபுரத்துக்கு முன்னால் இறங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஒரு பொட்டலம் சீ சியோங் ஃபன் என்ற அரிசி மாவுச் சுருள் வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் என்றால் சரி, அவசரம். ஆனால் இங்கேயே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கும் நம் ஆட்களும் இப்போது அப்படித்தான். மளிகைக் கடை வாசலில் ஒரு தடவை காரை நிறுத்துகிறார்கள். நாலு கடை தள்ளி இருக்கும் மருந்துக் கடைக்கு மறுபடியும் காரை எடுக்கிறார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த டவுனின் அழகும் ருசியும் நடக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கார் வருவதற்கு முன்பே உருவான ஊர் இது. தெலுக் ஆன்சன் என்று பெயர் இருந்த காலத்தில், ஆர்ச்சிபால்ட் ஆன்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வரைந்த திட்டத்தின்படி தெருக்கள் அமைந்தன. 1982இல்தான் தெலுக் இந்தான் என்ற பெயர் வந்தது. சாய்ந்த கோபுரம் அதற்கும் ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது. 1885இல் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகைக்காரர் ஊருக்குத் தண்ணீர் தேக்கி வைக்கக் கட்டியது. உயரம் 25 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே போனால் மூன்றுதான். அடியில் இருக்கும் மண் மெத்து, மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம், அதனால் சாய்ந்துவிட்டது. காரிலிருந்து ஒரு பக்கம் பார்த்தால் அந்தச் சாய்வு சரியாகத் தெரியாது. சுற்றி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் நேராக நிற்கும், நாலு எட்டு வைத்தால் சாய ஆரம்பிக்கும்.

இந்த டவுனுக்கு உயிர் கொடுத்தவர்கள் சுற்றியுள்ள தோட்டத்து ஜனங்கள். ஜெண்டராட்டா, சப்ராங், நோவா ஸ்கோஷியா என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் பெயரைச் சொன்னாலே பல குடும்பங்களின் கதை வந்துவிடும். ஜெண்டராட்டா 1906இல் ரப்பர்த் தோட்டமாகத் தொடங்கியது. இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை. சம்பளம் போட்டபிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், திரும்பிப் போகிற பஸ் வரைக்கும் டவுனில்தான் இருப்பார்கள். துணி எடுப்பது, அடகு மீட்பது, மிளகாய்த்தூள் அரைப்பது, கோயிலுக்குப் போவது, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவது எல்லாம் நடந்தேதான். போகிற வழியில் யாரையாவது பார்ப்பார்கள், "என்ன அண்ணே, பசியாறியாச்சா?" என்பார்கள், அங்கேயே ஒரு தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ, ஆகிவிடும். கல்யாணப் பேச்சுகூட அப்படித் தொடங்கியதுண்டு.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். காரில் வருகிறவர் ஒரே கடையில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். நடக்கிறவருக்கு நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும் வசதி இருக்கிறது. காலையில் இந்தியர் கடையில் ஒரு தோசை, பக்கத்திலேயே கோப்பி. அப்புறம் இந்த ஊர் சீ சியோங் ஃபன். கோலாலம்பூரில் இனிப்புக் குழம்பு ஊற்றிக் கொடுப்பார்களே, அது வேறு. இங்கே மாவுச் சுருளுக்கு உள்ளேயே காய்ந்த இறாலும் செங்குவாங் கிழங்கும் இருக்கும், குழம்பு கிடையாது, ஊறவைத்த பச்சை மிளகாயோடு சாப்பிடுவது. சூடாக இருக்கும்போதே அங்கேயே நின்று சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டி ஈப்போவரை கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு "அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்வது அநியாயம்.

மத்தியானம் வாழை இலைச் சோறு. இலையை எடுத்தவுடனே வெயிலில் இறங்காமல் கடை வரிசையில் நிழலாக ஒரு சுற்று வாருங்கள். பசி மறுபடி எட்டிப் பார்க்கும்போது குழம்பு ஊற்றிய மீ, அதாவது மீ ரெபுஸ். அதற்குப் பேர்போன மஸ்தான் கனி கடையின் பெயரைச் சொல்லாத தெலுக் இந்தான்காரர் இருக்கமாட்டார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக் கெட்டியாக்கிய அந்தக் குழம்பை மஞ்சள் மீயோடு கலந்து சாப்பிட்டு, ஆற்றங்கரைப் பக்கம் நடந்தால் பேரா ஆற்றுக் காற்று வரும். எனக்கு இதைவிட நல்ல சாயங்காலம் வேண்டாம்.

வெயில், எப்படி நடப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் அஞ்சடி என்ற கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே, ஒவ்வொரு கடைவீட்டுக்கும் முன்னால் கூரை போட்ட, தொடர்ச்சியான நடைபாதை விடவேண்டும் என்று இருந்தது. அந்த வழக்கம்தான் மலாயா டவுன்களுக்கெல்லாம் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் இந்த மண்ணுக்கு ஏற்ற ஏற்பாடு. ஆனால் இன்று அஞ்சடியில் நேராக நடக்க முடிகிறதா? ஒரு கடைக்காரர் மேசை போடுகிறார், அடுத்தவர் பெட்டி அடுக்குகிறார், இன்னொருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே தளம் ஒரு படி ஏறுகிறது, இரண்டு படி இறங்குகிறது. முழங்கால் வலி உள்ள பாட்டி சாலையில் இறங்கித்தான் நடக்கிறார். பொதுமக்கள் நடக்கும் வழியை மறிக்கக்கூடாது என்று 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமே சொல்கிறது. கடைக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போகிற அளவுக்கு வழி விட்டாலே போதும். அப்படி வழி விட்டால் நடக்கிறவர் கூடுவார்கள், நடக்கிறவர்தான் கடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

சித்ரா பௌர்ணமியை நினைத்துப் பாருங்கள். தண்டாயுதபாணி கோயில் தேர் புறப்படும் அந்த நாளில் எங்கெங்கோ குடிபெயர்ந்து போன தோட்டத்துக் குடும்பங்களெல்லாம் ஊர் திரும்புகின்றன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருத் தெருவாக நடக்கிறார்கள். வெயில் என்று யாரும் சொல்வதில்லை. வழியெல்லாம் தண்ணீரும் மோரும் கொடுக்க ஆள் இருக்கிறது, கூட நடக்க உறவு இருக்கிறது, சாலையில் வண்டித் தொல்லை இல்லை. இதில் கொஞ்சத்தை மற்ற நாட்களுக்கும் கொண்டுவர முடியாதா? மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டும் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். பெரியவர்கள் உட்கார நிழலில் நாலு பெஞ்சு போடலாம்.

இதை நகராண்மைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். டவுனில் கடை வைத்திருப்பவர்களின் கருத்துதான் எனக்கு முதலில் வேண்டும். ஞாயிறு காலை வண்டி வராவிட்டால் உங்கள் வியாபாரம் எப்படி இருக்கும், சாமான் இறக்க எந்த நேரம் தோதுப்படும் என்று கீழே எழுதுங்கள். உங்கள் அஞ்சடியில் எந்த இடத்தில் தளம் உடைந்திருக்கிறது என்பதையும் படத்தோடு போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.