அந்த 17 கிலோமீட்டர்

நேற்று ஒரு நண்பர் கேட்டார், "உக்ரைன்காரன் இத்தனை வருஷமா சண்டை போட்டு என்னத்தை மீட்டான்? மேப்புல கோடு அப்படியேதானே கிடக்கு?" அப்போது பதில் சொல்ல வரவில்லை, கோபம்தான் வந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எல்லோரும் குத்திக்காட்டுவது 2023 ஜூனில் உக்ரைன் தொடங்கிய எதிர்த்தாக்குதலை. சபோரிஷியா பக்கம் ஓரிகிவ் என்ற ஊரிலிருந்து தெற்கே இறங்கி, டோக்மாக், மெலிடோபோல் வழியாக அசோவ் கடல் வரை போய்விட்டால் ரஷ்யாவிலிருந்து அது பிடித்துவைத்திருக்கும் கிரிமியாவுக்குப் போகும் தரைவழி அறுந்துவிடும், அதுதான் திட்டம். ஐந்து மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் முன்னேறியது 17 கிலோமீட்டர். ரொபோடினே என்று ஒரு கிராமம், போருக்கு முன்பு ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர், அதை மீட்கவே ஆகஸ்ட் கடைசி ஆகிவிட்டது.

சரி, அந்த 17 கிலோமீட்டரில் என்ன இருந்தது?

தட்டையான வயல்வெளி. ஒளிய ஒரு மேடுகூடக் கிடையாது, வயலுக்கும் வயலுக்கும் நடுவில் காற்றுத் தடுப்புக்காக நட்டுவைத்த மர வரிசைகள் மட்டும்தான். வயல் முழுக்கக் கண்ணிவெடி. சில இடங்களில் ஒன்றுக்கு அடியில் இன்னொன்று வைத்திருந்தார்கள், மேலே இருப்பதை எடுத்தால் கீழே இருப்பது வெடிக்கும். அதைத் தாண்டினால் டாங்கி இறங்க முடியாத அகழி, கான்கிரீட் முக்கோணங்கள், பதுங்குகுழிகள். இதற்கு நடுவே ஒருவன் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் ஒரு கம்பியை வைத்து மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்துப் பார்த்து, முழங்கை முழங்கையாக நகர வேண்டும். தலைக்கு மேல் ட்ரோன் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ராத்திரி பூராவும் ஊர்ந்து ஒரு வழியைச் சுத்தம் செய்தால், தூரத்திலிருந்து ராக்கெட்டில் மறுபடி கண்ணிவெடிகளைத் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அதே வயலில் முதலிலிருந்து.

ஆரம்பத்தில் வேகமாகத்தான் போனார்கள். ஜூன் தொடக்கத்தில் மேற்கு நாடுகள் கொடுத்த லெப்பர்டு டாங்கியும் பிராட்லி கவச வண்டிகளும் வரிசையாக உள்ளே போயின. முன்னால் போனவை கண்ணிவெடியில் சிக்கி நின்றதும் மற்றவையும் அங்கேயே மாட்டிக்கொண்டு அடி வாங்கின, அந்தப் படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினார்கள். வண்டிகளைப் பின்னால் நிறுத்திவிட்டு, சின்னச் சின்னக் குழுக்களாக நடந்தே ஒரு மர வரிசையிலிருந்து அடுத்த மர வரிசைக்குப் போனார்கள். ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். இதைச் சோம்பேறித்தனம் மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குத் தாங்கவில்லை.

தாமதம் எங்கே ஆரம்பித்தது என்றும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் கார்கிவ் பக்கம் ஒரு வாரத்துக்குள் பலாக்லியா, இசியும், குப்யான்ஸ்க் என்று வரிசையாக மீட்டார்கள், நவம்பரில் கெர்சன் நகரம். ரஷ்யப் படை தடுமாறிய நேரம் அது. மேற்கு நாடுகள் டாங்கி கொடுக்கலாமா வேண்டாமா என்று பேசிப் பேசி, கொடுப்பது என்று முடிவெடுத்தது 2023 ஜனவரியில். அந்தக் குளிர்காலம் முழுக்க எதிரி குழி தோண்டிக்கொண்டிருந்தான். எஃப்-16 போர் விமானம் வந்து சேர்ந்தது 2024 கோடையில். மேலே விமானத் துணை இல்லாமல் அப்படி ஒரு அரணை உடைக்கச் சொல்லி எந்த மேற்கத்திய ராணுவமும் தன் சொந்தப் பிள்ளைகளை அனுப்பியிருக்காது. இரண்டாம் உலகப் போரில், 1944இல் ஜெர்மானியரை எதிர்த்து பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கியபோது வானம் முழுக்க நேசநாடுகள் கையில்தான் இருந்தது. கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் இருந்த கேன் நகரம் முதல் நாளே விழ வேண்டியது, ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது.

உக்ரைன் பக்கம் தவறே இல்லை என்று சொல்லவில்லை. படையை மூன்று திசையில் பிரித்தார்கள், புதிய படைப்பிரிவுகளுக்குப் போதிய பயிற்சி இல்லை. போர் முடங்கிவிட்டது என்று உக்ரைனின் அப்போதைய தலைமைத் தளபதி ஜலூஷ்னியே 2023 நவம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை பேரைக் கொடுத்து மீட்ட ரொபோடினே 2024இல் மறுபடி கையை விட்டுப் போனது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் ரஷ்யாவுக்கும் இதே அளவுகோலை வையுங்கள். பாக்முத் என்ற ஒரே ஊருக்கு ஏறக்குறைய பத்து மாதம், அவ்திவ்காவுக்கு நான்கு மாதம். அதைச் சொல்லும்போது மட்டும் "வல்லரசு மெதுவாக நசுக்குகிறது" என்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் கார்கிவில் மருத்துவம் படித்தாள். 2022 பிப்ரவரி கடைசியில் ஐந்து நாள் மெட்ரோ ஸ்டேஷன் தரையில் படுத்திருந்துவிட்டு, ரயிலைப் பிடித்து எப்படியோ போலந்து எல்லைக்குப் போய் வீடு வந்து சேர்ந்தாள். அவள் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி ஊரை விட்டுக் கிளம்பவே இல்லை. கார்கிவிலிருந்து ரஷ்ய எல்லை 40 கிலோமீட்டர்கூட இருக்காது. ஜன்னல் கண்ணாடி இரண்டு முறை உடைந்து இப்போது பலகை அடித்திருக்கிறாராம், வாசலில் தக்காளி நட்டிருக்கிறார், படம் எடுத்து அனுப்புகிறார். மேப்பில் அசையாமல் கிடக்கிறது என்று நண்பர் சொன்னாரே, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் அந்தப் பாட்டியின் வீடு.