வேகத்தடையும் இரத்த அழுத்தமும்

வகுப்பறையில் இரத்த அழுத்தம் பார்ப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது! மின்விசிறி சுற்றும் அறை, மேசைமேல் அசையாமல் நீட்டிய சக மாணவனின் கை, ஸ்டெதஸ்கோப்பில் தெளிவாக டப், டப். மூன்றே நாளில் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று பெருமை வேறு.

இப்போது ஆம்புலன்சில் பயிற்சிக்குப் போகிறேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மெல்லத் திறந்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கேட்பது சைரன். அதையும் தாண்டி ஏதோ கேட்கிறதே என்று மகிழ்ந்தால், அது என் சொந்த இதயத் துடிப்பு. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு வேகத்தடை. அதுவும் வெள்ளைக்கோடு அழிந்த, ஊரார் தாங்களாகவே போட்டுக்கொண்ட வேகத்தடை. நான் ஒரு பக்கம், ஸ்டெதஸ்கோப் ஒரு பக்கம்.

மூத்த உதவியாளரோ நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்து, காற்றை இறக்கி, நாடி திரும்பும் இடத்தில் "110" என்கிறார். இந்த முறையில் கீழ் அளவு கிடைக்காது. ஓடும் வண்டியில் இது போதுமாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டால், "பார்த்துக் கற்றுக்கொள், தம்பி" என்கிறார். பார்க்கலாம் என்று எட்டிக் குனிந்தால், "வெளிச்சத்தை மறைக்காதே" என்கிறார்.

இதற்கிடையில் நோயாளியின் அக்கா என்னைத்தான் கேட்கிறார்: "டாக்டர் தம்பி, பிரஷர் எவ்வளவு?" நான் மூன்றாவது முறையாகக் காற்றடிக்கிறேன். நோயாளி கண்ணைத் திறந்து சொல்கிறார்: "கை வலிக்கிறது, தம்பி."