மார்னர் இல்லாத மேப்பிள் லீஃப்ஸ்: வரும் சீசன் குறித்து என் கணிப்பு

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் ஆடும் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் 2025-26 சீசன் 2025 அக்டோபர் 8ஆம் தேதி மொன்றியல் அணிக்கு எதிராகச் சொந்த அரங்கில் தொடங்குகிறது. நட்சத்திர முன்கள ஆட்டக்காரர் மிட்ச் மார்னர் வேகஸ் அணிக்குப் போய்விட்டார், இனி இந்த அணியிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்ற பேச்சே எங்கும் கேட்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. லீக் ஆட்டங்களில் அணி சற்றுச் சறுக்கும். ஆனால் லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்கு, கடந்த ஆண்டைவிடப் பொருத்தமான அணியாக அது உருவாக முடியும் என்று நம்புகிறேன்.

இழப்பு பெரியதுதான். மார்னர் கடந்த சீசனில் 27 கோல்கள் அடித்து, 75 கோல்களுக்கு வழியமைத்து, 102 புள்ளிகள் எடுத்தவர். தண்டனையால் ஓர் ஆள் குறைவாக ஆடும்போதுதான் அவருடைய அருமை தெரியும். எதிரணியினர் நம் தடுப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே பக்கை (ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டை) கைமாற்றும் நொடியில் மட்டையை நீட்டித் தட்டிப் பறித்துவிடுவார். அவருக்கு ஈடாக வந்த நிக்கோலா ருவா நம்பகமான நடுக்கள ஆட்டக்காரர்; மத்தியாஸ் மச்செல்லியும் டக்கோட்டா ஜோஷுவாவும் வந்திருக்கிறார்கள். மூவரும் சேர்ந்தாலும், எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும் பவர் பிளேயில் மார்னர் விட்டுச்சென்ற இடம் நிரம்பாது. அந்தப் பொறுப்பு இனி வில்லியம் நைலாண்டருடையது.

ஆனாலும் நட்சத்திரங்களை நம்பியே அமைக்கப்பட்ட அணி நமக்கு என்ன தந்தது? 2018, 2019, 2021, 2022, 2024, 2025 என ஆறு முறை பிளேஆஃப் தொடரின் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டம் வரை சென்று ஆறிலும் தோற்றோம். கடந்த மே மாதம் புளோரிடாவுக்கு எதிராக 2-0 என முன்னிலை பெற்றிருந்த தொடரை இழந்த விதம் இன்னும் வலிக்கிறது. கடைசி ஆட்டத்தில் முதல் பகுதி கோலின்றி முடிந்தது. இரண்டாம் பகுதியில் புளோரிடா மூன்று கோல்கள் போட்டது. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் மேக்ஸ் டோமி ஒன்றைத் திருப்பியடித்து அரங்கமே எழுந்து நின்றபோது, ஒரு நிமிடம் முடிவதற்குள் புளோரிடா அடுத்த கோலைப் போட்டது. 6-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் இரண்டு அணிகளையும் பிரித்தது திறமையன்று. நட்சத்திரங்களுக்கு அடுத்து மாறி மாறிக் களமிறங்கும் புளோரிடாவின் மூன்றாம், நான்காம் முன்கள வரிசைகள் காட்டிய வலிமைதான். கீழ்வரிசைகளைக் கனமாக்கும் இந்தக் கோடையின் முடிவுகளை நான் வரவேற்பது அதனால்தான்.

பயிற்சியாளர் கிரெய்க் பெருபேயின் தடுப்பாட்ட முறைக்கு அந்தனி ஸ்டோலார்ஸ், ஜோசப் வோல் என்ற கோல்காப்பாளர் இணை கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே ஸ்டோலார்ஸ் காயப்பட்டதை மறந்துவிட்டு அந்தத் தோல்வியைப் பேசுவது நியாயமில்லை. இருவரும் முழு உடல்நலத்துடன் சுமையைப் பகிர்ந்துகொண்டால் பல ஆட்டங்களைக் குறைந்த கோல்களிலேயே வெல்லலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தலைவர் ஆஸ்டன் மத்யூஸ். 2023-24இல் 69 கோல்கள் அடித்தவர், காயங்களோடு போராடிய சென்ற சீசனில் 67 ஆட்டங்களில் 33 கோல்களோடு நின்றார். அவர் ஐம்பதைத் தொட்டால் அட்லாண்டிக் பிரிவில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடுவோம். தொடாவிட்டால், வேகமாக வளர்ந்துவரும் மொன்றியலும் ஒட்டாவாவும் நம்மைத் தாண்டிச் செல்லும்.

என் உண்மையான கவலை வேறு. பிரண்டன் கார்லோவையும் ஸ்காட் லாட்டனையும் வாங்குவதற்காக 2026, 2027 ஆண்டுகளில் இளம் ஆட்டக்காரர்களை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை நிர்வாகம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. மார்ச் மாதத்தில் ஒரு வலப்பக்க முன்கள ஆட்டக்காரர் தேவைப்பட்டால் கொடுத்து வாங்க அதிகம் மிச்சமில்லை. ஒன்ராறியோவின் லண்டன் நைட்ஸ் அணிக்காக, இளையோர் ஹாக்கியின் மெமோரியல் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான ஈஸ்டன் கோவனை விற்றுவிடும் சபலம் அப்போது வரும். அதைச் செய்யக் கூடாது. சீசனின் தொடக்கத்திலிருந்தே அந்த இளைஞருக்குப் பெருபே ஆட்ட நேரம் கொடுத்து, தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.