வெட்டிய துண்டை எங்கே வைத்தீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அக்கா மகனோடு சண்டை வந்துவிட்டது. சொத்துச் சண்டை என்றால்கூட வீட்டில் மதித்திருப்பார்கள். யார் முதலில் சுட்டது என்று சண்டை.

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' என்கிற விண்வெளிப் படம். பாலைவனக் கிரகத்தில் ஒரு சாராயக்கடை. ஹான் சோலோ என்கிற கடத்தல்காரன் மூலை மேஜையில் மாட்டிக்கொள்கிறான். எதிரே கிரீடோ என்கிற பச்சைத் தோல்காரன் துப்பாக்கியை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறான். ஜாபா என்கிற தாதாவுக்குத் தரவேண்டிய கடனுக்காக ஹானைப் பிடிக்க வந்தவன். ஹான் அசரவில்லை. ஒரு கையால் சுவரைச் சுரண்டிக்கொண்டே பேச்சுக் கொடுக்கிறான். மேஜைக்கடியில் இன்னொரு கை மெதுவாகத் துப்பாக்கியை உருவுகிறது. டொப். ஒரே புகை. கிரீடோ மேஜைமேல் கவிழ்கிறான். ஹான் எழுந்து, போகிற போக்கில் கடைக்காரனிடம் ஒரு காசைச் சுண்டிவிட்டு, கடையை நாறடித்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.

"அவன் மட்டுந்தாண்டா சுட்டான்" என்றேன்.

"இல்ல மாமா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சுடுறாங்க" என்றவன், போனை எடுத்துக் காட்டியும்விட்டான்.

அவன் சொன்னது சரிதான். போனில் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் சுடுகிறார்கள். போதாக்குறைக்குச் சாகப்போகிற நேரத்தில் கிரீடோ 'மக்லங்கி' என்று என்னமோ சொல்கிறான். நான் பார்த்த படத்தில் அவன் அப்படி எதுவும் சொல்லிவிட்டுச் சாகவில்லை.

நான் பார்த்தது 1988-இல், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு. சோழவந்தானில் ஒரு நண்பன் வீட்டில் நாலு பேர் காசு போட்டு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தோம். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அந்த டொப் மட்டும் முழுசாகப் புரிந்தது. இந்த ஹான் நல்லவனா கெட்டவனா, நம்பலாமா கூடாதா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். காசை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனவன் கடைசிச் சண்டையில் திரும்பி வந்து கைகொடுக்கும்போது நாலு பேரும் கத்தியதில் பக்கத்து வீட்டு அப்பத்தா எழுந்து வந்துவிட்டார். முதலில் அப்படிச் சுட்டவன் என்பதால்தான் அந்தத் திரும்பி வருதலுக்கு அவ்வளவு மதிப்பு.

1997-இல் மறுபடியும் வெளியிட்டபோது படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இதை மாற்றினார். கிரீடோ முதலில் சுடுகிறான், ஒரு மேஜை தூரத்தில் இருந்து குறி தப்புகிறது, அப்புறம்தான் ஹான் சுடுகிறான். குண்டுக்கு ஒதுங்குகிற மாதிரி ஹானின் தலையைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் நகர்த்தியும் விட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். 'ஹான்தான் முதலில் சுட்டான்' என்று பனியனில் அச்சடித்துப் போட்டுத் திரிந்தார்கள். 2004 டிவிடியில் ரெண்டு சூட்டையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2019-இல் டிஸ்னியின் ஓடிடியில் வந்தபோது இந்த மக்லங்கி. ஒரு சின்ன இடத்துக்கு இத்தனை பஞ்சாயத்து. லூகாஸ் சொன்ன காரணம், பின்னால் இளவரசியைக் கட்டப்போகிறவன் ஈவிரக்கமில்லாத கொலைகாரனாக இருக்கக்கூடாது என்பது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இருக்கிறது.

"அவரு படம், அவரு இஷ்டம் மாமா. நீங்க எழுதின பதிவ நீங்க எடிட் பண்றதில்லையா?" என்றான் மருமகன்.

நியாயமான கேள்வி. என்னிடம் உடனே பதில் இல்லை. ராத்திரி படுத்தபிறகுதான் சித்தப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் சித்தப்பா சோழவந்தான் பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். மணல் தரை, கீற்றுக் கொட்டகை, ஒற்றைப் புரொஜக்டர். மதுரையில் ஓடி முடித்து, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போய்த் தேய்ந்தபிறகுதான் படப்பெட்டி அங்கே வந்து சேரும். முதல் ஆட்டம் விடுவதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்பதால் முதலாளி, "ரெண்டு பாட்டை எடுத்துருப்பா" என்பார். சித்தப்பா முனகிக்கொண்டே எடுப்பார். பாட்டு நாலு நிமிஷம் என்றால் முந்நூற்று அறுபது அடி பிலிம். நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி கணக்கு.

வெட்டுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கத்திரியால் நறுக்கி, ஒரு ஓரத்தில் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்டைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டுத் தடவி, துளையோடு துளை பொருந்த வைத்து அழுத்திப் பிடிப்பார். பிடித்திருக்கிற வரைக்கும் பேசமாட்டார். ஒவ்வொரு ஒட்டுக்கும் பிலிமில் ஒரு கட்டம், ரெண்டு கட்டம், அதாவது பிரேம், செத்துப்போகும். அதற்கே வருத்தப்படுவார். பிலிமில் ஒரு கட்டத்துக்கு உரிய சத்தம் இருபது கட்டம் முன்னாடி இருக்கும். ஒட்டு முதலில் லென்ஸைத் தாண்டி, அப்புறம்தான் சத்தத்தைப் படிக்கிற இடத்துக்கு வரும். அதனால் ஒட்டுப் போட்ட இடத்தில் முதலில் படம் தாவும், ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பொறுத்துச் சத்தம் தாவும். கொட்டகையில் யாராவது விசில் அடித்தால் சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிடும்.

வெட்டிய பாட்டைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, படத்தின் பெயர், எத்தனையாவது ரீல், எந்த வசனத்துக்குப் பிறகு என்று துண்டுச் சீட்டில் எழுதிச் செருகி, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போடுவார். படம் மாறுகிற அன்று ராத்திரி கடைசி ஆட்டம் முடிந்தபிறகு உட்கார்ந்து அத்தனையையும் பழையபடி ஒட்டிவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுவார். சில நாள் மணி மூணாகிவிடும். முதலாளி கேட்கப் போவதில்லை. ஏற்கெனவே இருபது ஊரில் வெட்டி ஒட்டிய பிரிண்ட், யாருக்குத் தெரியப் போகிறது? "அடுத்த ஊர்க்காரனுக்கு பஸ் லேட்டா இருக்கலாம்ல" என்பார்.

ஒரு படத்தை எங்கள் கொட்டகையில் மூன்று தடவை பார்த்திருந்தேன். பிறகு அதையே மதுரையில், ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது என்று நாங்கள் பீற்றிக்கொண்ட தங்கம் தியேட்டரில் பார்த்தபோது, எனக்குத் தெரியாத ஒரு பாட்டு வந்தது. ஏமாந்துபோன மாதிரி இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. நான் பார்த்தது குறைப்படம் என்று தெரிந்துகொள்ள மதுரையில் ஒரு முழுப்படம் இருந்ததே.

லூகாஸிடம் எனக்கு உள்ள கோபம் இங்கேதான். மாற்றட்டும். ஆனால் 1997-க்கு அப்புறம் பழைய படத்தை அவர் வெளியே விடவே மறுத்துவிட்டார். தன்னைப் பொறுத்தவரை அது இனிமேல் இல்லை என்ற அர்த்தத்தில் 2004-இல் பேசினார். 2006-இல் ரசிகர்கள் பிடுங்கல் தாங்காமல் டிவிடியோடு இனாம் போலப் பழையதைக் கொடுத்தார்கள். அதுவும் 1993-இல் லேசர் டிஸ்க்குக்காக எடுத்த பிரதியில் இருந்து, மங்கலாக. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பழைய சோற்றை வைத்த கதை.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். 1988-இல், நாங்கள் டெக் வாடகைக்கு எடுத்த அதே வருஷம், இதே லூகாஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய்ச் சாட்சி சொன்னார். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சிலர் கம்ப்யூட்டரில் கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள். லாபத்துக்காகக் கலைப்படைப்பை மாற்றுகிறவர்கள் காட்டுமிராண்டிகள் என்றார். நாளைக்கு நடிகரையே எடுத்துவிட்டுப் புதுமுகத்தை ஒட்டுவார்கள், உதட்டசைவை மாற்றுவார்கள் என்றும் எச்சரித்தார். 2004-இல், ஸ்டார் வார்ஸ் வரிசையில் மூன்றாவதாக வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடி' கடைசிக் காட்சியில் ஆவியாக வந்து நின்ற செபாஸ்டியன் ஷா என்ற முதியவரைத் தூக்கிவிட்டு, அங்கே ஹேடன் கிறிஸ்டென்சன் என்ற இளைஞரை ஒட்டியது யார்? அவரேதான். 1983-இல் அந்தப் படம் வந்தபோது கிறிஸ்டென்சனுக்கு ரெண்டு வயசு.

ஸ்பீல்பெர்க் இந்த விஷயத்தில் தேவலாம். 1982-இல் வந்த 'ஈ.டி.'யை 2002-இல் மறுபடி விட்டபோது, பையன்களைத் துரத்தும் அதிகாரிகள் கையில் இருந்த துப்பாக்கியை வாக்கி டாக்கியாக மாற்றினார். அப்புறம் அதை நினைத்து வருந்தினார். 2012 புளூரேயில் பழையதையே கொடுத்தார், 2023-இல் அப்படிச் செய்திருக்கவே கூடாது என்று வெளிப்படையாகவும் சொன்னார். 'பிளேடு ரன்னர்' இன்னும் மேல். 1982-இல் கம்பெனிக்காரர்கள் திணித்த பின்னணிக் குரலையும் சுபமான முடிவையும் பின்னால் எடுத்தார்கள், ரசிகர்கள் வரவேற்றார்கள். 2007-இல் இறுதி வடிவம் வந்தபோது முந்தைய வடிவங்களையும் சேர்த்து ஐந்து தட்டாக ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். சித்தப்பா பெட்டி கட்டின மாதிரி.

எல்லா மாற்றத்துக்கும் நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2022-இல் 'பாபா'வை வேறு மாதிரி எடிட் செய்து, கிளைமாக்ஸையும் மாற்றி மறுபடி விட்டார்களே, முதல் நாளே போய்க் கைதட்டியவன் நான். அந்தப் படத்தின் பழைய முடிவுக்காக நான் சண்டை போடுவேனா என்றால், மாட்டேன். யோசித்துப் பார்த்தால் இதில் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நாடகத்துக்கு மிருதங்கம் வாசிக்கிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "என்னண்ணே, வள்ளி திருமணத்துல நேத்து சொன்ன வசனத்தையா இன்னைக்குச் சொல்றாங்க? நாரதரும் வள்ளியும் விடிய விடிய வேற வேற மாதிரித்தானே வாதம் பண்றாங்க?" என்று மடக்கினார். உண்மைதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியதை மேடையில் அப்படியே ஒப்பித்தால் ஜனம் எழுந்து போய்விடும். ஆனால் திருவிழாவுக்குத் திருவிழா புதுசாக இருக்கும் என்று நம்பித்தான் நாடகத்துக்குப் போகிறோம். சினிமாவில் போன தடவை கவிழ்ந்த இடத்திலேயே கிரீடோ இந்தத் தடவையும் கவிழ்வான் என்று நம்பி உட்காருகிறோம். நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

விண்வெளிப் படத்துக்கு வந்த வினை தனுஷ் படத்துக்கும் வந்தாயிற்று. 2013-இல் வந்த 'அம்பிகாபதி'யை 2025 ஆகஸ்டில் மறுபடி விட்டபோது, சாகவேண்டிய கதாநாயகனை ஏஐ வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷும் எதிர்த்தார். தயாரிப்பாளரிடம் உரிமை இருந்தது, அவர் செய்துவிட்டார். லூகாஸாவது தன் படத்தைத் தானே குத்திக் கிளறினார். இங்கே எழுதியவரும் இல்லை, நடித்தவரும் இல்லை. என் மருமகன் அதைப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல முடிவுதான் மாமா" என்றான். முந்தைய முடிவு என்ன என்று கேட்டேன். தெரியாது என்றான்.

பழைய ஸ்டார் வார்ஸைக் காப்பாற்றியது ரசிகர்கள்தான். எங்கெங்கோ சேகரிப்பாளர்களிடம் கிடந்த 35 எம்எம் பிரிண்டைத் தேடிப் பிடித்து, கட்டம் கட்டமாக ஸ்கேன் செய்து, கீறலைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். சட்டப்படி அது செல்லாது. 1977 பிரிண்டில் பலது செவந்துபோய்விட்டது. அந்தக் காலத்து ஈஸ்ட்மன் கலர் எல்லாம் அப்படித்தான், பச்சையும் நீலமும் முதலில் ஓடிவிடும். டெக்னிகலர் முறையில் சாயம் ஏற்றிய பிரிண்ட் மட்டும் நிறம் மாறாமல் நிற்கும். அப்படி ஒரு பிரிண்ட்டை 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் திரையிட்டது. கீறல், ஒட்டு எல்லாவற்றோடும் ஹான் மட்டும் சுட்டான். மதுரையில் அப்படி ஒரு ஆட்டம் போட்டால் நான் தரை டிக்கெட்டில்கூடப் போவேன். இங்கிலீஷ் படத்துக்கென்றே இருந்த, ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்து ரீகலில் போட்டால் இன்னும் விசேஷம். அந்தக் காலமெல்லாம் போயே போய்விட்டது.

மறுநாள் பரணில் ஏறி சித்தப்பாவின் பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உள்ளே காய்ந்துபோன சிமெண்ட் பாட்டில், துருப்பிடித்த பிளேடு, ஒரு முழ நீளத்துக்கு ஒரே ஒரு பிலிம் துண்டு. சீட்டு இல்லை, எங்கேயோ விழுந்திருக்கவேண்டும். ஒட்ட மறந்தாரா, ஒட்ட முடியாமல் போனதா, தெரியவில்லை. எந்தப் படமோ, எந்த ஊருக்குப் போன பெட்டியோ.

மருமகன் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கட்டத்துக்கு நாலு துளை என்று எண்ணிச் சொன்னான். ஒரு கதவு, கதவின்மேல் வளையல் போட்ட ஒரு கை. கதவு, கை, கதவு எல்லாமே ஒரே செவப்பு. போனில் போட்டோ எடுத்து ரெண்டு நிமிஷம் என்னமோ தடவிக்கொண்டிருந்தான்.

"கலர் சரி பண்ணிட்டேன் மாமா, பாருங்க."

கதவு பச்சையாகிவிட்டது. வளையலும் பச்சை. நன்றாகத்தான் இருந்தது.

"செவப்பா எடுத்தியே, அந்தப் போட்டோ இருக்கா?" என்று கேட்டேன்.

"அதுமேலேயே சேவ் பண்ணிட்டேனே" என்றான்.

துண்டை அவன் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி, டப்பாவில் போட்டு மூடினேன்.