பாரிட்டில் கரண்டு வைப்பவர்களும் அமேசான் மின்விலாங்கும்

மலேசியாவில் எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் அந்த வீடியோ சுற்றுகிறது. முதலை ஒன்று மின்விலாங்கைக் கவ்வுகிறது, கவ்வின வாயைத் திறக்க முடியாமல் விறைத்துப்போகிறது. கீழே "பேய் மீன்டா சாமி", "நம்ம பாரிட்ல இது இருந்தா ஒருத்தனும் எறங்க மாட்டான்" என்று வரிசையாகக் கருத்துகள். அனுப்பியவர்களில் சிலர் யார் தெரியுமா? ராத்திரியானால் முதுகில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு செம்பனைக் காட்டுப் பாரிட்டில், அதாவது வடிகால் வாய்க்காலில், கரண்டு வைத்து மீன் பிடிக்கப் போகிறவர்கள். சரி, இரண்டில் எது பேய் என்று கொஞ்சம் பேசலாம்.

முதலில் அந்த மீனைப் பற்றி. அது தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோக்கோ ஆற்றுப் படுகைகளில் வாழ்வது. பார்க்க விலாங்கு மாதிரி இருந்தாலும் விலாங்கு இனம் இல்லை. நாம் மசாலா தடவிப் பொரிக்கிற கெளுத்திக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். இரண்டரை மீட்டர் வரை வளரும். தண்ணீரில் இருந்தாலும் மேலே வந்து வாயால் காற்றைக் குடித்தாக வேண்டும், இல்லையென்றால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். உடம்பில் ஐந்தில் நான்கு பங்கு மின்சாரம் உண்டாக்குகிற உறுப்புகள்தான். குடல், ஈரல் எல்லாம் தலைக்குப் பின்னால் இருக்கிற கொஞ்சம் இடத்தில் அடங்கிவிடுகின்றன.

அந்த உறுப்புகளில் ஆயிரக்கணக்கான செல்கள், டார்ச் லைட்டில் பேட்டரி போடுகிற மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஒரு செல்லுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.15 வோல்ட்தான். மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் விடுவதால் அது நூற்றுக்கணக்கான வோல்ட்டாகக் கூடிவிடுகிறது. 250 வருஷத்துக்கு மேலாக ஒரே இனம் என்று நினைத்திருந்ததை, 2019-இல் ஆய்வாளர் டேவிட் டி சந்தானாவும் குழுவினரும் மூன்று இனங்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒன்றிடம் 860 வோல்ட் பதிவானது. நம் வீட்டில் வருவது 240. ஆனால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம்தான் இருக்கும்.

வோல்ட் கணக்கைவிட எனக்குப் பிடித்தது, அது வேட்டையாடுகிற விதம். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கென்னத் கட்டானியா அதை அதிவேக கேமராவில் பிடித்து 2014-இல் வெளியிட்டார். இருட்டில், கலங்கல் தண்ணீரில் இரை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாதபோது, மின்விலாங்கு அடுத்தடுத்து இரண்டு துடிப்பு மட்டும் விடுகிறது. பக்கத்தில் மீன் இருந்தால் அதன் நரம்பு தூண்டப்பட்டு, அது விரும்பாமலேயே உடம்பு ஒரு தரம் வெட்டித் துள்ளும். அந்த அசைவில் தண்ணீர் அதிர்கிறதே, அதை வைத்து இடம் பிடிக்கிறது. அப்புறம்தான் விநாடிக்கு 400 துடிப்பு வேகத்தில் முழு அடி.

இதை நிரூபிக்க அவர் செய்த சோதனை அருமையானது. மூளை செயலிழந்த மீன் ஒன்றை மின்சாரம் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டார். மின்விலாங்கு இரண்டு துடிப்பு விட்டது, மீன் அசையவில்லை, மின்விலாங்கு பாயவும் இல்லை. பிறகு அவரே கம்பி வழியாக மின்சாரம் கொடுத்து அந்த மீனைத் துள்ளவைத்தார். உடனே பாய்ந்துவிட்டது! அதாவது, பதில் வந்தால்தான் அடிக்கிறது. குறி தவறினால் இரை மீன் கொஞ்ச நேரத்தில் தெளிந்து நீந்திப் போய்விடும்.

இப்போது நம் பாரிட்டுக்கு வருவோம். ஒருவர் கம்பூட் (ரப்பர் பூட்ஸ்) போட்டுக்கொண்டு இறங்குகிறார். முதுகில் பேட்டரியும் வோல்ட்டைக் கூட்டுகிற காயிலும் (coil), கையில் இரண்டு கம்பு, ஒன்றின் நுனியில் வளையமும் வலையும். சுவிட்சை அழுத்தினால் 'ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். கம்புக்குச் சுற்றிலும் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வரும். விராலும் கெளுத்தியும் வலைக்குள் போகும், விரல் நீளச் செப்பாட், புயு மீன்களும் கெளுத்திக் குஞ்சும் அப்படியே மிதந்து போகும். தசை ஒரேயடியாக இறுகுவதில் மீனின் முதுகெலும்பே முறிவதுண்டு. பிழைத்த மாதிரித் தெரிவதெல்லாம் பிழைப்பதில்லை. சினையோடு இருப்பது எது, குஞ்சு எது என்று அந்தக் கம்புக்குத் தெரியுமா?

1800-இல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் வெனிசுவேலாவின் கலபோசோ பக்கம் போனபோது, மின்விலாங்கு பிடிக்க ஊர்க்காரர்கள் 30 குதிரைகளைக் குட்டைக்குள் விரட்டினார்களாம். மீன்கள் குதிரைகள்மேல் மின்சாரத்தைக் கொட்டித் தீர்த்துக் களைத்த பிறகு பிடிப்பது அவர்கள் வழி. முதல் ஐந்து நிமிஷத்திலேயே இரண்டு குதிரைகள் மூழ்கிவிட்டன. ஹம்போல்ட் கதை விட்டார் என்று ரொம்ப காலம் பலர் நம்பவில்லை. 2016-இல் கட்டானியா, மின்விலாங்கு தண்ணீரிலிருந்து எழும்பித் தாடையை எதிரிமேல் ஒட்டி அடிப்பதைக் காட்டிய பிறகுதான் பெரியவரின் மானம் பிழைத்தது.

இன்னொன்று. பிரேசிலில் இரிரி ஆற்றோரம் நூற்றுக்கும் மேற்பட்ட மின்விலாங்குகள் கூடிச் சின்ன மீன்களை ஆழமில்லாத இடத்துக்கு ஓட்டிச் சேர்த்து, பத்து வரை ஒன்றாக மின்சாரம் பாய்ச்சி வேட்டையாடுவதை 2021-இல் வெளியிட்டார்கள். அதுவும் விடியலிலும் அந்தியிலும்தான். மற்ற நேரம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். நம்மாட்கள் ஒரே பாரிட்டில் ராத்திரி முழுக்க மேலும் கீழும் நடப்பார்கள்.

"வயித்துப் பிழைப்புண்ணே" என்கிறான் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன். அவன் வேலை செய்கிற இடத்தில் சம்பளம் போதாது, அது உண்மை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் போன மழைக்காலத்தில் அரை மணி நேரத்தில் நிரம்பிய கூடை இப்போது விடியும்வரை நடந்தாலும் நிரம்பவில்லை என்று புலம்புவதும் அவன்தான். இன்னும் சிலர் இதை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பையன்களும்தானே போகிறார்கள்? மின்சாரம் வைத்து மீன் பிடிப்பது 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம் என்பது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

இரவுச் சந்தையில் விரால் மலிவாகக் கிடைத்தால் நான் முதலில் எப்படிப் பிடித்தது என்று கேட்கிறேன். தூண்டில், வலை, பூபு (மீன் கூடு) என்றால் வாங்குகிறேன். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடை. கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வாங்க. "எங்க தாத்தா காலத்துலேர்ந்தே இப்படித்தான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீங்க, உங்க தாத்தா முதுகில் பேட்டரி இருந்ததில்லை.