பென்ஷனுக்கு முன்னால் ஒரு பதிவேடு

தீயணைக்கப் போகும் தன்னார்வலர்களுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று பேச்செடுத்தாலே, "ஏனுங்க, சேவைக்குப் போறவனுக்கு எதுக்குங்க பென்ஷன்?" என்று ஒருவர் கேட்டுவிடுகிறார். மஞ்சி மில் (தேங்காய் நார் ஆலை) தீயைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்.

பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில்லில் பற்றினால் ஒரு மணி நேரத்தில் மேலே அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே கங்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஊற்றுகிற தண்ணீர் குவியலின் மேலாகவே வழிந்து போய்விடும், உள்ளே இறங்காது. ஜேசிபியை விட்டுக் குவியலைக் கலைக்க வேண்டும், கலைத்ததை நனைக்க வேண்டும், நனைத்ததைத் தள்ளிப் போட்டுவிட்டு அடுத்த அடுக்கைக் கலைக்க வேண்டும். விடிய விடிய இதே வேலைதான். 4,500 லிட்டர் கொண்ட தீயணைப்பு வண்டி, நிமிஷத்துக்கு 450 லிட்டர் விடும் ஒரே ஒரு பிராஞ்சை (ஹோஸ் முனையின் பீச்சு குழாய்) பிடித்தாலும் பத்து நிமிஷத்தில் காலி. அதற்கப்புறம் தண்ணி டிராக்டர் ஓட்டி வருகிறவன், ஹோஸைத் தோளில் தாங்குகிறவன், புகைக்குள் போய்த் தார்ப்பாயை இழுக்கிறவன் எல்லாம் ஊர்ப் பசங்கதான். சோளத்தட்டுப் போர், பனியன் வேஸ்ட் குடோன் என்று எங்கே பிடித்தாலும் கதை இதுதான்.

கிணறு இன்னும் மோசம். நம் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் எல்லாருக்கும் தெரியும். தூர்வாரும்போது உள்ளே டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தேங்கி நிற்கும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்த்து, எரிகிறது, பயமில்லை என்று இறங்குகிறார்கள். விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், விஷவாயு இல்லை என்று அர்த்தமில்லை. மயங்கியவனைத் தூக்க அடுத்தவன் இறங்குவான், அவனைத் தூக்க இன்னொருவன். பி.ஏ. செட் (முதுகில் காற்று சிலிண்டரோடு மாட்டும் சுவாசக் கருவி) மாட்டாமல் யாரும் இறங்கக் கூடாது. ஆனால் ஊர்ப் பசங்களிடம் அது எங்கே இருக்கிறது?

இப்படிப் போகிறவனுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதைச் செய்வது மாநில அரசின் துறை. எனவே உள்ளாட்சி "அது டிபார்ட்மென்ட் வேலை" என்கிறது, துறையைக் கேட்டால் "அவங்க எங்க ஆளில்லை" என்கிறது. ஊர்க்காவல் படைக்காவது 1963ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. நிரந்தர வேலை கேட்க முடியாவிட்டாலும், 30 நாள் படியைக் கூட்டினால் காவலரின் குறைந்தபட்ச ஊதியம் அளவுக்கு வர வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தீயில் நிற்கிற தன்னார்வலனிடம் அப்படிக் கைகாட்ட ஒரு காகிதமும் இல்லை.

அமெரிக்காவில் தீயணைப்பாளர்களில் பெரும்பகுதி தன்னார்வலர்கள். அங்கே பணி செய்த வருடங்களுக்குத் தகுந்தபடி பிற்காலத்தில் பணம் தரும் பணிக்கால ஊக்கத் திட்டம் என்று ஒன்று பல மாநிலங்களில் ஓடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வருடத்தில் 50 புள்ளி எடுத்தால்தான் அந்த வருடம் கணக்கில் ஏறும். அழைப்புக்குப் போனால் புள்ளி, பயிற்சிக்குப் போனால் புள்ளி, கூட்டத்துக்கு வந்தாலும் புள்ளி. வருட முடிவில் பட்டியலை 30 நாள் ஒட்டிவைக்கிறார்கள், விட்டுப்போனவர் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பணத்தை விட அந்த ஒட்டிவைக்கிற பட்டியல்தான் நமக்கு வேண்டிய சமாச்சாரம்.

ஏனென்றால் இங்கே காசை விடப் பெரிய தடங்கல் எழுத்து இல்லாததுதான். தீ அறிக்கையில் வண்டி புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், சேத மதிப்பு எல்லாம் இருக்கும். "பொதுமக்கள் உதவியுடன்" என்று ஒரு வரியும் இருக்கும். அந்தப் பொதுமக்களுக்குப் பெயர் இருக்காது. இருபது வருடம் கழித்து அவன் எதைக் காட்டிக் கேட்பான்? நிலையத்தில் ஒரு பதிவேடு, அதே பக்கத்தின் நகல் ஊராட்சியில். நிலைய அலுவலர் மாற்றலாகிப் போனாலும் ஒரு பிரதி தப்பும். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, டி.சி.யில் ஒரு பிறந்த தேதி என்று இருப்பதைச் சேர்க்கும் அன்றைக்கே சரி பண்ண வேண்டும். வாரிசுதாரர் பெயரையும் அன்றைக்கே வாங்கிவிட வேண்டும்.

செலவு என்ன ஆகும் என்று பார்ப்போம். முப்பது வயது ஆள் அடல் பென்ஷன் திட்டத்தில் 60 வயதுக்கு மேல் மாதம் 5,000 ரூபாய் வாங்க, இப்போது மாதம் 577 கட்ட வேண்டும். வருடத்துக்கு 6,924. ஒன்றிய அரசுத் திட்டங்களில் வருடத்துக்கு விபத்துக் காப்பீட்டுக்கு 20, ஆயுள் காப்பீட்டுக்கு 436. இருபது பேர் கொண்ட குழுவுக்கு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,47,600 ரூபாய். தேர்த் திருவிழாவில் இதை விட எச்சாகவே வாணவேடிக்கைக்குப் போகிறது.

இதில் ஓட்டைகள் உண்டு. நாற்பது தாண்டியவர் சேர முடியாது. வருமான வரி கட்டுகிறவரும் 2022 அக்டோபர் 1 முதல் சேர முடியாது. லோனுக்காக ரிட்டர்ன் மட்டும் போட்டு, வரி கட்ட வேண்டி வராதவர் பயப்பட வேண்டியதில்லை. பெரிய ஓட்டை விலைவாசி: வருடம் ஆறு சதவீதம் ஏறினால் முப்பது வருடம் கழித்து அந்த 5,000க்கு இன்றைய மதிப்பு 900 ரூபாய்கூட வராது. அதனால் இதை அடித்தளமாக வைத்து, மேலே பணிக்கால வருடங்களைப் பார்த்து அரசு ஒரு தொகை சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

காப்பீட்டில் அடிக்கடி நடக்கிற கோளாறு ஒன்று. விபத்துக் காப்பீட்டு வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் இருபது ரூபாய் இல்லாமல் போனால் பிடித்தம் நடக்காது, காப்பீடு போய்விடும். யாருக்கும் தெரியாது. ஜூன் முதல் வாரத்தில் இருபது பாஸ்புக்கையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

எந்தப் பணத்தில் என்பதிலும் கவனம் வேண்டும். 15ஆவது நிதி ஆணையம் ஊராட்சிகளுக்குத் தந்த கட்டுப்பாடற்ற (இன்ன வேலைக்கென்று ஒதுக்காத) மானியத்தைக்கூடச் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக் கூடாது என்றே விதி இருந்தது. அப்படிப்பட்ட மானியத்தில் படி கொடுத்தால் தணிக்கையில் நிற்கும். பி.ஏ. செட், ஹெல்மெட், கையுறை, தண்ணி டிராக்டரின் வாயை 63 மி.மீ. ஹோஸோடு பொருத்தும் அடாப்டர் எல்லாம் சாமான் கணக்கு, அதை அந்தப் பக்கம் வைக்கலாம். அடாப்டர் சின்னச் சாமான்தான், ஆனால் அது இல்லாததால் டேங்கர் பக்கத்திலேயே நின்றும் பக்கெட்டில் மொண்டு ஊற்றுகிறார்கள். பிரீமியமும் பென்ஷன் பங்கும் ஊராட்சியின் சொந்த வருவாயிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு அரசாணை தேவை. 2023இல் ஒன்றிய அரசு மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் கொண்டுவந்தபோதும், பேச்செல்லாம் வண்டியும் கருவியும்தான்.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுகிறவர்கள் "தன்னார்வலர்களுக்கு உதவ வேண்டும்" என்று மொட்டையாக எழுத வேண்டாம். பெயர், பிறந்த தேதி, முடித்த பயிற்சி, போன அழைப்புகளின் தேதி, வாரிசுதாரர் என்று பட்டியலை இணைத்து, பிரீமியத் தொகையை ரூபாயில் எழுதி, எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் குறிப்பிடுங்கள். நகலில் நிலைய அலுவலரிடம் ஒப்புகைக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள்.