பணம் கேட்காமல் ஒரு போன்

போன வாரம் அயனாவரத்தில் இருக்கும் ஒரு அம்மாவிடம் போனில் பேசினேன். நான் சனி, ஞாயிறுகளில் உதவிக்குப் போகும் டிரஸ்ட் வடசென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன் நடத்துகிறது. அந்த அம்மா வீட்டிலிருந்து பல வருடங்களாக மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2021க்குப் பிறகு வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நோட்டில் அவர் கணவரின் பெயருக்கு எதிரே "நின்றுவிட்டது" என்று எழுதி வைத்ததோடு சரி.

"கொரோனால அவர் போயிட்டாரும்மா. ஆனா வருஷா வருஷம் அவர் பிறந்தநாளுக்கு உங்க ஆபீஸ்லேருந்து வாட்ஸப்புல வாழ்த்து வருது. பல்லாண்டு வாழ்கன்னு. அதைப் பார்த்தப்புறம் பணம் அனுப்ப மனசு வரல."

எனக்குப் பேச்சே வரவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன். அவருடைய பெயரும் நம்பரும் எங்களிடம் இருந்தன. ஒரே ஒரு போனில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

இத்தனைக்கும் நன்கொடையாளர்களிடம் கருத்துக் கேட்காதவர்கள் இல்லை நாங்கள். போன வருடம்தான் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். 24 கேள்விகள், அத்தனையும் ஆங்கிலத்தில். எங்கள் பணி உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடுங்கள் என்கிற மாதிரி. கடைசிப் பக்கத்தில் "இப்போதே நன்கொடை தர" என்று ஒரு பட்டன் வேறு. பதில் அனுப்பிய கொஞ்சம் பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள், எங்களுக்கும் சந்தோஷம். எங்களைப் பிடித்தவர்கள்தான் அதைத் திறந்தே பார்த்திருப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை. மனசு கசந்து விலகிப் போனவர் எதற்கு உட்கார்ந்து 24 கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறார்? நின்று போனவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் இன்றைக்கு உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அந்த ஃபார்மில் இன்னொரு கேள்வி. ஏன் நன்கொடை தருகிறீர்கள்? சமூக அக்கறை, மத நம்பிக்கை, வரிச்சலுகை, மற்றவை. நம் ஊரில் தர்மம் இப்படியா வருகிறது? அப்பாவின் திதி, பேத்தியின் முதல் பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த சந்தோஷம், ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு திரும்பிய நிம்மதி. இத்தனையும் போய் "மற்றவை"யில் விழுந்தன. அப்பா நினைவாகப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் ஒருவருக்கு ஆண்டறிக்கை எதற்கு? அந்தத் தேதியில் கூப்பிட்டு, "பிள்ளைங்க இப்பதான் சார் சாப்பிட்டு எழுந்தாங்க" என்று சொன்னால் அவருக்கு அது போதும்.

வரி விஷயத்திலும் நாம் தப்புக்கணக்குப் போடுகிறோம். வருமான வரியில் கழிவு வாங்கித் தரும் 80ஜி ரசீதுக்காகத்தான் ஜனங்கள் தருகிறார்கள் என்பது டிரஸ்ட் நடத்துகிற பலரின் நம்பிக்கை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கோ அது அறவே இல்லை. அப்படிப் போன பிறகும் எங்களுக்கு மாதம் தவறாமல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அல்லவா காரணம் கேட்க வேண்டும்!

2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் எங்கிருந்தெல்லாமோ பணம் வந்தது. முன்பின் தெரியாதவர்கள், ஒரே ஒரு தடவை. தண்ணீர் வடிந்ததும் அவர்களையும் பொது லிஸ்டில் சேர்த்து, எல்லோருக்கும் போகிற அதே வேண்டுகோளை அனுப்பினோம். அன்றைக்கு எது உங்களைக் கொடுக்க வைத்தது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

இப்போது ஃபார்மை விட்டுவிட்டோம். போன்தான், தமிழில்தான், மூன்றே கேள்விதான். முதல் தடவை கொடுக்கத் தோன்றியது எதனால்? எங்களால் உங்களுக்கு ஏதாவது மனவருத்தம் உண்டா? எங்களிடமிருந்து என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்? நேரில் பழகியவரிடம் குறை சொல்லப் பலருக்கும் கூச்சம், அதனால் முன்பின் பேசாத ஒருவர்தான் கூப்பிடுகிறார். மார்ச்சில் கூப்பிடுவதில்லை, நிதியாண்டு முடிவதால் எல்லாரும் கைநீட்டுகிற நேரம் அது. அந்தப் போனில் பணப் பேச்சை எடுக்கவே கூடாது, இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "பணம் கேக்காம நீங்க பண்ற முதல் போன் இதுதாம்மா." அப்புறம் அரை மணி நேரம் பேசினார். வழவழ பேப்பரில் கலர் போட்டோ போட்டு மலர் அனுப்புகிறீர்களே, அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கக் கூடாதா என்றார். வைக்கும்போது, "சொல்லிட்டேன், செய்வீங்களா?" என்று கேட்டார். இந்த வருடம் மலர் அச்சடிக்கவில்லை. அதை அவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். செய்ய முடியாததைச் சொல்கிறவர்களும் உண்டு, அவர்களையும் திரும்பக் கூப்பிட்டு ஏன் முடியாது என்று சொல்லிவிடுகிறோம். கேட்டுவிட்டு வாய்மூடி இருப்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

இதற்கெல்லாம் ஆள் ஏது என்று மற்ற டிரஸ்ட் நண்பர்கள் சொல்கிறார்கள். சனிக்கிழமைக்கு நாலு போன், ஒரு நோட்டு, ஒரு பேனா. வருடத்தில் கிட்டத்தட்ட 200 பேரிடம் பேசிவிடலாம்.

அயனாவரத்து அம்மா இன்னும் பணம் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நம்பர் வாழ்த்து லிஸ்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதா என்று மட்டும் ஆபீஸில் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.